புகைப்பெட்டிக்குப் போர்த்திய தார்ப்பாய்

மழைக்காலம் வந்தால் எதையாவது மூடிக் கட்டாமல் எங்கள் வீட்டாருக்குத் தூக்கம் வராது. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் நாங்கள். வானம் கறுத்ததும் உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. அந்தப் பழக்கத்தில்தான் புகைப்பெட்டியையும் மூடினேன்.

புகைப்பெட்டி கரண்டில் ஓடுவது. சின்ன ஃபிரிட்ஜ் உயரம் இருக்கும். அடியில் ஹீட்டர், அதன்மேல் மரச்சிராய்த் தட்டு, மேலே கம்பித்தட்டுகளில் மீன். சில மணி நேரத்தில் சூரை மீன் தேன் நிறத்துக்கு வந்துவிடும். குயிலாப்பாளையத்து கெஸ்ட் ஹவுஸ்களில் விரும்பி வாங்குவார்கள். உப்பளத்து ஓரம் ஷீட் கொட்டகையில் அதை வைத்திருந்தேன். மீனை அறுத்து, ஊறப்போட்டு, அடுக்கி எடுப்பதெல்லாம் அனுமந்தையிலிருந்து வரும் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் செய்தது அதிகாரம் மட்டும்.

கொட்டகைக்குள் செருப்பு கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தேன். தின்கிற பொருள், சுத்தம் வேண்டாமா? அக்கா செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார். நான் மட்டும் ரப்பர் செருப்போடு உள்ளே போய்வந்துகொண்டிருந்தேன். அது எனக்கு உறுத்தவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெட்டியில் சாரல் படுகிறதே என்று, அம்பாரத்துக்குப் போட்ட பழைய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, தினமும் வேலை முடிந்ததும் பிளக்கைக்கூடப் பிடுங்காமல் அப்படியே போர்த்திக் கட்டினேன். ட்ரிப்பர் போட்டுவிட்டால் கரண்ட் கசிந்ததும் தானாக அணைந்துவிடும் என்று எலெக்ட்ரிஷியன் முன்பே சொல்லியிருந்தார். மழை விடட்டும் என்றிருந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா பெட்டிக் கதவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"தம்பி, சுருக்குனு இழுக்குது. இன்னான்னு பாரேன்."

போய்த் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணுமே இல்லக்கா. எல்லாம் உங்க பயம்."

மறுநாளும் சொன்னார். மறுபடியும் தொட்டுக் காட்டினேன். மீன் எடுக்க வந்த கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரரிடம், "அக்காவுக்குக் கடல பாத்தா பயமில்ல, இந்தப் பெட்டிய பாத்தாதான் பயம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அக்கா குனிந்து மீனை அடுக்கிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறக்க ஆரம்பித்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, நல்ல மழை. கொட்டகைத் தரையில் தண்ணீர் நின்றது. நனைந்த தலைப்போடு கைப்பிடியைப் பிடித்தவர் ஒரு சத்தம் போட்டுப் பின்னால் போய் விழுந்தார். மெயினை அணைத்துவிட்டு ஓடினேன். மூச்சு இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். விழுந்ததில் மணிக்கட்டு ஒடிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து எலெக்ட்ரிஷியன் வந்து பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றினார். மாவுக்கட்டோடு அக்காவும் வந்திருந்தார், தன் அரிவாள்மணையை எடுத்துப்போக. ஒயர் சேரும் இடமெல்லாம் பச்சை பிடித்திருந்தது. எலெக்ட்ரிஷியன் தார்ப்பாயை விரலால் தடவி நாக்கில் வைத்தார்.

"உப்பா கரிக்குதுங்க. இது ஈரத்த இழுத்து உப்புத்தண்ணியா உள்ள சொட்டியிருக்குது. எர்த்தும் செத்துக் கெடக்குது. உப்பளத்துக்காரரு, உங்களுக்கா தெரியாது? நீங்க தொட்டப்ப செருப்பு காப்பாத்தியிருக்குது. இவங்கள யாரு வெறுங்கால்ல நிக்கச் சொன்னது?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"நானாதாங்க கழட்டிப் போட்டுட்டு நிப்பேன்" என்றார் அக்கா. "எனக்கு அப்படியே பழக்கம்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவரைக் கேலி செய்ததைக்கூட அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தத் தலையாட்டலுக்கு என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ட்ரிப்பர் போட்டாயிற்று, எர்த் புதிதாக இறக்கியாயிற்று. சாரல் எட்டாத உள்சுவர் ஓரம் செங்கல் மேடை கட்டிப் பெட்டியை ஏற்றினேன். வேலை முடிந்தால் பிளக்கைப் பிடுங்கி, பெட்டி ஆறிய பிறகு துடைத்து, காற்று போகிற மாதிரி ஒரு துணி மட்டும் போடுகிறேன். தார்ப்பாய் உப்புக்கே போய்விட்டது.

கட்டுப் பிரித்ததும் அக்கா வேலைக்கு வந்தார். அன்றும் தூறல். அவருக்குப் புது ரப்பர் செருப்பு வாங்கி வைத்திருந்தேன். போட்டுக்கொண்டார். ஆனால் பெட்டியருகே போகவில்லை.

"மொதல்ல நீ தொடு தம்பி."

போனேன்.

"செருப்ப கழட்டிட்டுத் தொடு."

கழற்றினேன். தரை சில்லென்று ஈரமாக இருந்தது. எலெக்ட்ரிஷியன் இரண்டு முறை சோதித்துக் கொடுத்த பெட்டிதான். இருந்தும் கைப்பிடியை நோக்கி நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"இன்னா தம்பி, பயமா இருக்குதா?"

கேலி இல்லை அதில். உண்மையாகவே கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன்.