மல்லாட்டை டப்பா

எவர்சில்வர் டப்பா அது. மூடியில் என் தாய்வீட்டார் வெட்டிக் கொடுத்த பெயர் தேய்ந்துபோய் முதல் எழுத்து மட்டும் நிற்கிறது. உள்ளே நீலத்தாள் சுற்றிய சின்னச் சோப்பு இரண்டு இருக்கின்றன. சின்ன மருமகள் ஒருநாள் பீரோவைத் துடைக்கையில் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா அத்த, இதப் போயி வச்சிக்கினு இருக்கீங்க? வாசனகூட போயிடுச்சே" என்றாள். எடுத்த இடத்திலேயே வை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? அந்த டப்பாவில் எனக்கே ஒரு குழப்பம் உண்டு. என் வீட்டுக்காரர் இருந்தவரை அது தீரவில்லை. அவர் போய் ஒரு தை வந்து போய்விட்டது, இன்னும் தீரவில்லை.

பெருமுக்கல் மலையைப் பார்த்த மாதிரி எங்கள் நிலம். மானாவாரியில் நிலக்கடலை போடுவோம். எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். கூலிக்கு ஆள் வராத நாளில் நாங்கள் இரண்டு பேரே பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து மூட்டை கட்டியிருக்கிறோம். அவருக்கு முழங்கால் விட்டுப்போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். வீடும் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டு வந்தது. பெரிய மகன் விழுப்புரத்தில் கம்பி, சிமெண்டுக் கடை வைத்திருக்கிறான். சின்னவன் திண்டிவனத்தில் இருக்கிறான். அவன் பெண்சாதி வேலைக்குப் போகிறவள், கையில் குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்து, கறிச்சோறு தின்றுவிட்டுப் பேச்சை எடுத்தார்கள். பெரியவன்தான் சொன்னான்: "அப்பா எங்கூட வந்துடட்டும், கடையில சும்மா குந்திக்கினு இருந்தா போதும். அம்மா தம்பி வூட்ல இருக்கட்டும். பஸ்ஸு ஏறுனா ஒரு மணி நேரம், இன்னாம்மா இப்போ?"

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரவர் வீட்டில் இருக்கிற இடம் அவ்வளவுதான். எனக்குப் பொறுக்காதது வேறு. கை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரி" என்றார். அந்த ஒரு சொல்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை விட்டு, பிரசவத்துக்குப் போனது தவிர, நான் எங்கேயும் தங்கியதில்லை. வேண்டாம் என்று அவர் வாயில் வரட்டும், அதற்கப்புறம் நான் பேசுகிறேன் என்று இருந்தேன். வரவில்லை. அவருக்கே சரி என்றால் நான் போய் அழுதுகொண்டு நிற்பேனா? நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் பெட்டி விழுப்புரத்துக்குப் போனது. என் பெட்டி திண்டிவனத்துக்குப் போனது.

பெட்டிகள் மட்டும் முன்னால் போன மறுநாள், "வெள்ளிக்கெழம ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்துட்டேன். திருவனந்தபுரம். ரெண்டு நாளு" என்றார்.

"அங்க யாருங்க இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"போயிட்டு வரலாம்."

அவ்வளவுதான் பதில். எங்களுக்கு ஊருக்குப் போவது என்றால் அமாவாசைக்கு மேல்மலையனூர், இல்லாவிட்டால் கல்யாணம், கருமாதி. காரணம் இல்லாமல் ஒரு ஊருக்குப் போகலாம் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாது. "எந்தக் கோயிலுக்கு அண்ணி?" என்றாள். கோயில் இல்லை என்றதும், "அப்போ இந்த வயசுல ஜோடியா சுத்திப் பாக்கவா? அண்ணனுக்கு முட்டி வலின்னு சொன்னதெல்லாம் சும்மாவா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அங்கே பெரிய மனுஷர் யாரோ இருக்கிறார், பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல அவரைக் கேட்கப் போகிறார், எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? மல்லாட்டையைப் பதமாக வறுத்து, தோல் நீக்கி, அந்த டப்பா நிறைய அழுத்தி வைத்தேன். வெற்றிலை பாக்கும் பழமும் தனியாகக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறி, மறுநாள் அந்த ஊரில் இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும், "அவங்க வூட்டுக்கு இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டேன். "எவங்க வூட்டுக்கு?" என்று அவர் என்னைப் பார்த்தார். ஆட்டோ ஒரு லாட்ஜ் வாசலில் நின்றது.

எனக்கு அந்த அறையில் என்ன செய்வது என்று விளங்கவில்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு அறையில் இருந்ததே கிடையாது. முதலில் மாமியார், நாத்தனார், பிறகு பிள்ளைகள், பிறகு மாடு, மூட்டை, குத்தகைக்காரன். நான் கதவைத் திறந்து வைப்பேன், அவர் எழுந்து போய்ச் சாத்துவார். விடிந்தால் தெளிக்க வாசல் இல்லை. துண்டை நனைத்துத் தரையைத் துடைத்தேன். "வுடு, அதுக்கெல்லாம் ஆளு இருக்குது" என்றார். "நம்ம குப்பைய அள்றதுக்கு இன்னொருத்தங்க வரணுமா?" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து நான் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று துண்டைப் பிழியாமல் காத்திருந்தேன். "காப்பி குடிக்கலாமா?" என்றார்.

ஊர் மேடும் பள்ளமுமாக இருந்தது. கடைப் பலகையெல்லாம் உருண்டை உருண்டையாக எழுத்து. நான் தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவர் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எனக்கும் சொல்கிறவர். அந்த ஊரில் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பஸ் எங்கே போகிறது என்று இரண்டு பேரும் ஒன்றுபோல விழித்துக்கொண்டு நின்றோம். பொய் எதற்கு, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். இன்னொன்றையும் கவனித்தேன். ஊரில் எப்போதும் முன்னால் போய்விட்டு, "ஜல்தியா வா" என்று திரும்பிப் பார்ப்பவர், அங்கே என் பக்கத்திலேயே நடந்தார். முட்டி வலியா, வழி தெரியாததாலா, தெரியவில்லை.

மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். நீர்யானைத் தொட்டி முன்னால் அவர் நகராமல் நின்றார். ஒன்று தண்ணீருக்குள் கிடந்தது, மற்றது புல் தின்றுகொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டையும் ஒரே தொட்டியிலதான் வுட்டிருக்கான்" என்றார். இதோ பேச்சு வருகிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது, போலாம்" என்றார். நீர்யானையைத்தான் சொன்னாரா? நானும் கேட்கவில்லை. அவர் ஆரம்பிக்கட்டும் என்று நான் இருந்தேன். அவர் மனதில் என்ன இருந்ததோ.

கிளம்பும் நாள் வரை டப்பா திறக்காமலே கிடந்தது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது எங்கள் பக்கம் நல்லதில்லை. கீழே இறங்கிப் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு டப்பாவை லாட்ஜ் மேனேஜரிடம் நீட்டினேன். பாவம், அவர் பயந்துவிட்டார். "எந்தா அம்மே இது? ஒண்ணும் வேண்டா" என்று கையை ஆட்டினார்.

"எங்க நெலத்து மல்லாட்டப்பா. ரெண்டு நாளு உங்க வூட்ல தங்கியிருக்கோம், சும்மா போவ முடியுமா?"

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "வாங்கிக்கோங்க சார். வாங்கலைன்னா ரயில வுட்டுடுவோம்" என்றார். மேனேஜர் சிரித்துவிட்டார். மல்லாட்டையைத் தாளில் கொட்டிக்கொண்டு டப்பாவைக் கழுவித் துடைத்தார். வெறுமனே கொடுக்க அவருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. மேசையைத் திறந்து தேடி, இரண்டு சோப்பை உள்ளே போட்டு மூடிக் கொடுத்தார். எங்கோ கண்காணாத ஊரில் ஒரு வீட்டுக்குப் போய்வந்த மாதிரியே ஆகிவிட்டது. டப்பாவை என் பைக்குள் வைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

திரும்பி வரும் ரயிலில் முதலில் வருவது விழுப்புரம். அங்கே அவர் இறங்க வேண்டும். அடுத்து திண்டிவனம். அங்கே நான். வெளுத்துக்கொண்டு வரும்போது விழுப்புரம் வந்தது. அவர் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"சின்னவன் ஸ்டேசனுக்கு வந்துடுவான்."

"தெரியும்."

"மாத்தரய மறக்காத."

"நீங்க மறக்காதீங்க."

ரயில் நின்றுகொண்டே இருந்தது. ஜங்ஷன் அல்லவா, சீக்கிரம் கிளம்பாது. அவர் டீக்காரனைப் பார்த்தார். நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். மேல் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தைக்கச் சொல்லிப் பெரிய மருமகளிடம் நான் எப்படிச் சொல்வது என்று மனதில் என்னென்னவோ ஓடியது. ஊதல் கேட்டது. அவர் ஜன்னலை விட்டு நகர்ந்தார். போய்விட்டார் என்று நான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைக்கையில், வண்டி அசைந்த பிறகு, மூச்சு வாங்க என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாங்க? ஏன் ஏறிட்டீங்க?"

"டப்பா."

"எந்த டப்பா?"

"மல்லாட்ட டப்பா. வுட்டுட்டேன்."

"அது என் பையில இல்ல இருக்குது? என் டப்பா, எங்கூட வருது. உங்களுக்கு எதுக்கு?"

"அதான்" என்றார். வெளியே பார்த்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு நகரும் வண்டியில் எப்படி ஏறினார் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

திண்டிவனத்தில் சின்னவன் பைக்கோடு நின்றான், என்னை மட்டும் ஏற்றிப் போக. இரண்டு பேர் இறங்குவதைப் பார்த்து, "இன்னாப்பா, நீயும் வந்துட்ட?" என்றான்.

"டப்பாவ வுட்டுட்டேன்."

"டப்பாவா? அண்ணன் அங்க வந்து நிக்குமே! இன்னாப்பா பேஜாரு பண்ற நீ?"

"சாய்ங்காலம் போறேன்னு சொல்லு."

சாயங்காலம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. யார் கேட்டாலும், "போவணும்" என்பார். பெரியவன் ஒருநாள் அவர் பெட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கோபத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். எனக்கென்று ஒழித்துக் கொடுத்த பின்னறையில் ஒரு கட்டில்தான். அவர் பாயில் படுத்தார். சின்ன மருமகளும் ஆரம்பத்தில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள், பிறகு பழகிவிட்டாள். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை அவர் முன்னால் போவார், "ஜல்தியா வா" என்று திரும்பிப் பார்ப்பார். கடைசி வரை அந்த அறையில்தான் இருந்தார்.

ஒருநாளும் நான் கேட்கவில்லை. கேட்டால், டப்பாவுக்காகத்தான் என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. டப்பாவுக்காக இல்லை என்று சொன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றும் இருந்தது. இரண்டில் எது நிஜம் என்று இனி யாரைக் கேட்பது?

நேற்று எதிர்வீட்டிலிருந்து பாயசம் கொடுத்தனுப்பினார்கள். அவர்கள் கிண்ணத்தில் ஏதாவது போட்டுத் திருப்ப வேண்டுமே என்று தேடிய மருமகள், "அந்த சோப்பு டப்பாவுல மல்லாட்ட போட்டு, அதையும் சேத்துக் குடுத்துடட்டுமா அத்த?" என்றாள். மல்லாட்டையைக் கிண்ணத்திலேயே போட்டுக் கொடு என்றேன். இந்த டப்பாவை மட்டும் வெளியே அனுப்புவதில்லை. இதை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து ஏறுவதற்கு இப்போது ஆள் இல்லை.