டவுனான சர்வர்

சங்கராபுரத்தில் நான் வேலை செய்யும் இணைய சேவை மையத்தில் இன்று நடந்தது.

மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்க, வெள்ளிமலை ஊரிலிருந்து அக்கா ஒருவர் இந்த வாரம் மூன்றாவது முறையாக வந்திருந்தார். இணையப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாய்ப் பழக்கத்தில், "சர்வர் டவுன்க்கா, நாளைக்கு வாங்க" என்றேன்.

"ரெண்டு தபாவும் இதத்தாங்க சொன்னீங்க. ரெண்டு பஸ் மாறி வர்றேன். இன்னிக்கு இங்கயே குந்திக்கினு இருக்கேன்."

உட்கார்ந்தும்விட்டார்.

அவர் பார்க்கிறாரே என்று மோடத்தை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். ஒன்றும் நகரவில்லை.

பக்கத்து சீட்டு பாத்திமா, "எல்லாத்தயும் வைஃபைல இருந்து எடுத்துட்டு, ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கலாமே" என்றார்.

மூன்று கம்ப்யூட்டரும் இணைந்தன, பக்கம் பறந்தது. என் போன் இணைந்தது, பக்கம் நின்றது. தம்பி கல்யாண வீடியோ மொத்தமும் ஒரு வாரமாக அதிலிருந்து தானாக ஆன்லைனில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

போனை அணைத்தேன். பத்து நிமிடத்தில் விண்ணப்பம் போய்விட்டது.

ஒப்புகைச் சீட்டை மடித்துக்கொண்டே அக்கா கேட்டார்: "அப்ப இத்தினி நாளா டவுனா இருந்த சர்வர் நீங்கதானாங்க?"

இந்த வாரம் எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் ஆபீசில் சர்வர் யாருங்க?