பட்டியலில் மூன்றாவது போன்

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் ரவுட்டர் ஆப்பில் பார்த்தேன். வீட்டில் நானும் மனைவியும்தான். பட்டியலில் மூன்று போன். யாரென்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாவதை மட்டும் பிளாக் செய்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் மதில் மேல் எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க வீட்லயும் நெட் வரலையா?"

"பாஸ்வேர்டு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்க பைக் நம்பர்தானே. நம்ம தெருவுல எல்லாரும் வண்டி நம்பரத்தான வச்சிருக்காங்க."

ஆயுத பூஜைக்கு நான் துடைத்துப் பொட்டு வைத்த நம்பர் பிளேட் எங்கள் இருவருக்கும் எதிரே பளிச்சென்று இருந்தது.

பிளாக்கை எடுத்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாளே பட்டியலில் மறுபடியும் மூன்று போன். மதிலருகே போய்க் கேட்டேன்.

"அண்ணி ஸ்கூட்டர் நம்பரப் போட்டுப் பாத்தேன்ணே."