சந்திரம்மா பேசாத வசனம்

காக்ஸ் டவுனில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் சந்திரம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. சட்டை கசங்கியிருக்கிறது என்று குறை சொன்னால், போட்டுக்கொண்டே படுத்தீர்களா என்று கேட்பாள். அப்பேர்ப்பட்டவள் போன ஆகஸ்டில் வாயடைத்துப் போயிருந்தாள்.

அவளுடைய ஒரே மகன் பிரகாஷ் ராணுவத்தில் இருக்கிறான், வடக்கே எல்லையில். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தால் மட்டும் தேசபக்தி ஆகாது, மேடையில் துப்பாக்கி வெடிக்க வேண்டும் என்பது எங்கள் இளைஞர் சங்கச் செயலாளர் சுதீரின் கட்சி. சுதந்திர தினத்துக்குப் போர் நாடகம் போட்டான். கடைசிக் காட்சியில், செத்த வீரனை மடியில் போட்டுக்கொண்டு அவன் தாய், "இன்னொரு பிள்ளை இருந்தால் அவனையும் அனுப்புவேன்" என்று முழங்க வேண்டும். நிஜ ஜவானின் தாயே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று சந்திரம்மாவைப் பிடித்துவிட்டார்கள். மறுத்தால் இவளுக்கே நாட்டுப்பற்று இல்லையா என்பார்கள். தலையாட்டிவிட்டாள்.

ஒத்திகையில் அந்த வசனம் வந்ததும் தாகம் என்று எழுந்து போய்விடுவாள். என்னிடம் மட்டும் காரணம் சொன்னாள். பெற்றவள் வாயால் அப்படிச் சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். பிரகாஷிடமிருந்து சில நாளாகப் போனும் இல்லை. இதைச் சுதீரிடம் சொன்னேன். அந்தப் பயம்தான் மேடையில் நன்றாக எடுபடும் என்றான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

பதினைந்தாம் தேதி பட்டாசு வெடித்து, புகை கிளம்பியது. வீரனாக நடித்த விக்கி, வாயோரம் குங்குமக் கரைசலோடு அவள் மடியில் சாய்ந்தான். சந்திரம்மா அவன் முகத்தையே பார்த்தாள். முந்தானையால் அந்தச் சிவப்பைத் துடைத்தாள்.

"எந்திரிடா. செத்தது போதும். சோறு ஆறிப் போவுது."

விக்கி கண்ணைத் திறந்து சுதீரைப் பார்த்தான். எழுந்திருக்காதே என்று சுதீர் ஜாடை காட்டினான்.

"அவன என்னாடா பாக்கற? பெத்தவ சொல்றேன், எந்திரி."

விக்கி எழுந்தான். யாரோ சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் கிளம்பித் தெரு முழுக்கப் பரவியது. நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. கடைசியில் சுதீரும் தட்டினான்.

யாரோ எடுத்த வீடியோ எல்லை வரை போயிருக்கிறது. மறுநாள் நான் வண்டியருகே நிற்கும்போதே பிரகாஷ் போனில் கூப்பிட்டான். முகாமில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்களாம். தமிழ் தெரியாதவர்களுக்கு இவன்தான் அர்த்தம் சொன்னானாம்.

"இங்க ஒரு பஞ்சாபிக்காரன் இருக்கான். என்னா கொழம்புன்னு கேக்கறாம்மா."

"முருங்கக்கா சாம்பார்," என்றாள் சந்திரம்மா. "அவனையும் இட்டுனு வா."