என் தொண்டை அடைத்த இரண்டு கிழமை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, வெள்ளவத்தையிலிருந்து உங்கள் சகோதரி அன்னம்மா எழுதுகிறேன். என் வாயால் நான் தேடிக்கொண்ட வினையையும், அதிலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்ட விதத்தையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அப்போது அழுதேன்.

யுத்தம் முடிந்த வருஷம். புதன்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஜெபக்கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக இருந்து, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிப்போம். என் முறை வந்தால் இலேசில் முடியாது. தேத்தண்ணி ஆறிவிடும். கடைசியில் இருப்பவர்கள் ஆமென் மட்டும் சொல்லிவிட்டு எழும்புவார்கள். அதை நான் என் பக்தி என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த சின்ன ஒழுங்கையில் என் உயிர்ச் சிநேகிதி ஞானமணி. அவளுடைய கணவர் செல்லையா துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் கிளாக்கர். அவர் குடிக்கத் தொடங்கியதை எனக்கு மட்டும் சொல்லி அழுதாள். அந்தப் புதன்கிழமை அவளுக்காக என் மனம் உருகிவிட்டது.

"ஆண்டவரே, எங்கட ஞானமணியின்ர மனுசனைச் சாராயத்திலயிருந்து விடுவியும்!" என்று உரத்துக் கேட்டேன். காலையில் கந்தோருக்குப் போகும்போதும் வாயில் சாராயம் மணக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆண்டவருக்கு விபரம் தெரியாதது போல! கண்ணைத் திறந்தால், எதிரே செல்லையாவின் மேலதிகாரியான பெரிய கிளாக்கர். கொட்டாஞ்சேனையிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முறையாக, நான் கண்மூடியிருந்தபோது வந்திருக்கிறார். ஞானமணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

இன்னொரு முறை சாராயம் மணந்தால் வேலை இல்லை என்று மறுநாளே செல்லையாவுக்கு எச்சரிக்கை. நான் ஓடிப்போய், "ஞானமணி, ஞானமணி" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டேன். கதவு திறக்கவில்லை. அவள் கூட்டத்துக்கும் வரவில்லை. கஷ்டத்தில் இருந்தவளுக்கு ஜெபிக்கவும் இடமில்லாமல் செய்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முழங்காலில் நின்று கெஞ்சினேன்: "அவளைத் திருப்பித் தாரும். என் வாயையும் நீரே அடக்கும்."

இரண்டாவதைத்தான் ஆண்டவர் முதலில் கேட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல், தொண்டை வீக்கம். இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், ஒரு சொல்கூடக் கதைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"என்ர ஜெபத்தையும் கேட்டுப்போட்டார்," என்றார் என் கணவர்.

அதற்கடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் வாய்மூடி இருந்தேன். கடைசிக் கதிரையில் இருக்கும் தபாற்காரர் தன் சுகமில்லாத மகளுக்காக ஜெபித்தார். மூன்று வருஷமாக வருகிறவர். அவர் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஞானமணி வீட்டுக்குப் போனேன். கூப்பிடக் குரல் இல்லை, தட்டினேன். யாரென்று தெரியாமல் திறந்துவிட்டாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.  பிறகு உள்ளே விட்டு, தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கத் தந்தாள். மனதில் இருந்ததெல்லாம் ஒரு மணித்தியாலம் கொட்டித் தீர்த்தாள். குரல் இருந்திருந்தால், "ஜெபத்திலதானே சொன்னனான்" என்று நியாயம் கதைத்திருப்பேன். அழத்தான் முடிந்தது. அவளும் அழுதாள்.

"நீ இப்பிடி வாய்மூடி இருக்கிறதெண்டா வாற புதன் வாறன்," என்றாள். வந்தாள்!

இப்போது எங்கள் கூட்டத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. கேட்காமல் மற்றவரின் காரியத்தைச் சத்தமாகச் சொல்லமாட்டோம். எல்லோருக்கும் நேரம் விடுவோம். ஞானமணி என் பக்கத்தில்தான் இருப்பாள். நான் ஜெபத்தை நீட்டினால் தொடையில் கிள்ளுவாள். உடனே ஆமென்.

அன்பானவர்களே, வாயால் உறவை முறித்தவர்கள் யாராவது இருந்தால் மனம் தளராதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் தரும் விதம் தொண்டைக்குக் கொஞ்சம் நோவாக இருக்கலாம், ஆனாலும் தருவார்.

இதை ஞானமணியும் செல்லையாவும் வாசித்து, பெயர்களை மாற்றி, சரி என்ற பிறகே அனுப்புகிறேன். ஒரேயொரு வரியை ஞானமணி சிரித்துக்கொண்டே வெட்டிவிட்டாள். செல்லையா இப்போது எப்படி இருக்கிறார் என்று அதில்தான் எழுதியிருந்தேன். ஆண்டவருக்குத் தெரியும்.