பிளாஸ்திரி ஒட்டிய விரல்

மராத்திப் பேட்டையான விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்துக்கே தேர்தல் வாத்தியார் அப்பாதான். வாக்குப்பதிவுக்கு வெகு நாள் முன்பே, படியில் எதிர்ப்படுகிறவர்களை நிறுத்தி, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா என இந்தியில் கேட்பார். தன் பெயரை மட்டும் அவர் பார்க்கவில்லை. ராணுவக் குடியிருப்பிலிருந்து வாடகை வீட்டுக்கு வந்தபோது, பெயரும் சாமான்களோடு வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடிக்குப் போனார். கூடவே ஒன்பது வயது நானும். ஊழியர் பட்டியலை மூன்று முறை புரட்டிவிட்டுத் தலையசைத்தார். அப்பா வாதாடவில்லை. திரும்பும் வழியில் ஒரு மெடிக்கலில் பிளாஸ்திரி வாங்கி, மை வைக்கிற இடது ஆட்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டார்.

"அம்மாட்ட சொல்ல வேணாம்."

கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டதாக வீட்டில் சொன்னார். மை அதற்கு அடியில் இருப்பதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காயம் ஆற ஒரு மாதம் ஆயிற்று.

சில மாதங்களிலேயே சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பு. நகரின் மறுகோடியான பாணேரிலிருந்து சித்தி, அம்மாவின் தங்கை, வந்திருந்தார். ஓர் ஆங்கிலச் செய்தித்தாளின் நிருபர். விடுபட்ட வாக்காளர்களைப் பற்றி எழுத உட்கார்ந்து, முதல் வரி வராமல் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"இத்தனை பேர் விட்டுப்போச்சுன்னு கணக்குச் சொன்னா பக்கத்தத் திருப்பிடுவாங்கடி. ஒரே ஒரு ஆளக் காட்டணும். அப்பத்தான் நின்னு படிப்பாங்க."

என்னிடம் ஓர் ஆள் இருந்தார். சொல்லிவிட்டேன். சித்தி சிரிக்கவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார்: சட்டை என்ன நிறம், எந்த விரல், வீட்டில் என்ன காரணம் சொன்னார். அப்பாவின் 'அம்மாட்ட சொல்ல வேணாம்' அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அதன்பிறகு தினமும் பேப்பர்காரர் வருவதற்கு முன்பே எழுந்துகொண்டேன். நான்காம் நாள் அது வந்துவிட்டது. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் வெள்ளைச் சட்டை இருந்தது, மெடிக்கல் இருந்தது, பிளாஸ்திரி இருந்தது. முதல் பத்தியில் ஓர் எண்கூடக் கிடையாது. கடைசி வரி வாசகரின் பக்கம் திரும்பியது: 'தன் பெயர் இருக்கும் என்று அவரும் நம்பினார். நீங்கள்?' இன்று அதே தொழிலில் இருக்கும் எனக்கு அதன் கட்டுமானம் தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம், கட்டடம் முழுக்க வாங்கும் பேப்பர் அது என்பதுதான். அந்தப் பயத்திலும் நான் அதில் என்னைத் தேடினேன். வெள்ளைச் சட்டைக்காரர் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பியிருந்தார்.

பேப்பரை ஒளித்துவைக்கத் துணிவில்லை. அப்பா நிதானமாகப் படித்து, மடித்து அம்மாவிடம் கொடுத்தார். படித்து முடித்த அம்மா அவர் கையைப் பார்த்தார்.

"கதவுல நசுங்குன வெரல் இப்ப எப்படிங்க இருக்கு?"

அப்பா பதில் சொல்வதற்குள், கீழ்வீட்டு மராத்திக்காரர், நாங்கள் சித்தப்பா முறையில் காகா என்று கூப்பிடுகிறவர், பேப்பரோடு மேலே வந்தார். இந்தப் பைத்தியக்காரன் யார் அண்ணா என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"நான்தான்," என்றார் அப்பா, அதே இந்தியில். "உங்க வீட்டுல எல்லார் பேரும் இருக்கா, பாத்தீங்களா?"

காகாவின் சிரிப்பு நின்றது. அன்று மாலை பார்த்ததில் அவர் மனைவியின் பெயர் இல்லை. சேர்க்க இன்னும் சில நாள் இருந்தது. அப்பா எங்கள் மேசையில் தன் விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்து அவருடையதையும் நிரப்பிக்கொடுத்தார்.

யார் சொன்னது என்று அவர் என்னை ஒருநாளும் கேட்கவில்லை. கண்டுபிடிக்கவில்லை என்றே நம்பினேன். அந்த மெடிக்கலில் நடந்தது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

போன வருஷம்தான் சித்தி சொன்னார். அச்சுக்குப் போவதற்கு முன் முழுவதையும் அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறார். கேட்டு முடித்த அப்பா, சட்டை இருக்கட்டும், பிளாஸ்திரியும் இருக்கட்டும் என்றாராம். "பிள்ள கூட வந்தத மட்டும் எடுத்துடும்மா."

நானோ அன்று, என்னை எழுத மறந்துவிட்டார் என்று சித்தியோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன்.