வாரண்டி அக்கா வீட்டுக் காரில் ஆயில் ஒழுகிய கதை

எங்கள் சர்வீஸ் சென்டரில் வாரண்டி மேசையைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. மேனேஜரிலிருந்து வண்டி கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் வாரண்டி அக்காதான். பக்கத்து மேசையில் பில் போடுகிறவள் நான். அதனால் இந்தக் கதையில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அக்காவே சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

அக்கா முதலில் சேர்ந்தது போன் வேலைக்கு. "சார், உங்க வண்டிக்கு சர்வீஸ் தேதி வந்துடுச்சு" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். எரிந்து விழுகிறவர்களையும் சிரிக்க வைத்து வரவழைக்கிறாரே என்று மேனேஜர் அவரை வாரண்டி மேசைக்கு மாற்றினார். அது ஊர் வாயில் விழுகிற நாற்காலி. எந்தப் பழுதைக் கம்பெனி செலவில் சரிசெய்யலாம், எதை முடியாது என்று அங்கிருந்துதான் சொல்ல வேண்டும். அக்கா 'முடியாது' சொல்வது வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி. அந்த 'முடியாது'வை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வாசல்வரை போய்த் திரும்பி, "வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படிச் சொல்லாமல் போன ஒரே ஆள் பேக்கரிக்காரம்மா.

ரொட்டி கொண்டுபோகிற அவருடைய வேன் புதுசு. கீழே ஆயில் சொட்டுகிறது என்று கொண்டுவந்தார். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு கேட்ச் கேன், எண்ணெய் ஆவியைப் பிடித்து வைக்கிற சின்ன டப்பா. வெளியில் வாங்கி மாட்டியது. எங்கள் இடத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனி கொடுக்காத சாமான் இன்ஜினில் இருந்தால் போட்டோ எடுப்போம், பானெட்டை மூடுவோம், வாரண்டி இல்லை என்போம். அக்காவும் பக்குவமாகத்தான் சொன்னார்.

"ஏம்மா, இந்த டப்பாவுக்கும் அந்த ஒழுகலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் பேக்கரிக்காரம்மா. "என் கொழுந்தன் ஆசைப்பட்டு மாட்டினான். மூக்குல மூக்குத்தி போட்டிருக்கேன்னு காது வலிக்கு மருந்து தரமாட்டேன்னா எப்படி?"

அக்கா போட்டோவை ஃபைலில் செருகினார். "விதி அப்படிம்மா" என்றார். பேக்கரிக்காரம்மா திரும்பிப் பார்க்காமல் போனார். அன்றைக்கு மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவிட்டார். "அந்தம்மா கேட்டதுல தப்பு இல்லடி" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அக்காவின் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மத்தியானத்தில் கடைக்கு ஆள் வராது. போனில் கார் வீடியோக்கள் பார்ப்பார். பல வருஷம் பழைய வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போதுதான் ஒரு புதுக் கார் வாங்கியிருந்தார்கள். லென்ஸ் துடைக்கிற துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். "பெயின்ட் தேஞ்சுடப் போகுது, விடுங்க" என்பார் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது காருக்கு அடியில் ஒரு அட்டை விரித்திருந்தது.

"இது எதுக்கு?"

"தரையில எறும்பா வருது. அதான்."

அக்கா குனிந்து அட்டையை இழுத்தார். கறுப்பாக வட்ட வட்டமாய்க் கறை. விரலில் தொட்டுப் பார்த்தார். வேறு கேள்வி கேட்காமல் பானெட்டைத் திறந்தார். உள்ளே நீல நிறத்தில், பளபளவென்று, ஒரு கேட்ச் கேன் உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, இது என்ன?"

"எது?"

"இது."

"அதுவா... வண்டி வாங்கும்போதே இருந்திருக்கும்."

"தினமும் இதே இன்ஜினைத்தான் பாத்துட்டு இருக்கேன். முழுப் பூசணிக்காயை என் சோத்துலயே மறைக்கறீங்களா?"

மனுஷர் சரணடைந்தார். "கோவிச்சுக்காதே. இன்ஜின் மூச்சு விடும்போது கொஞ்சம் எண்ணெய் ஆவியும் சேந்து வரும். அது திரும்ப இன்ஜினுக்குள்ளயே போய் அழுக்காப் படியும். நடுவுல இந்தக் கேனை வெச்சா எண்ணெயைப் பிடிச்சு வெச்சுக்கும். டீ வடிகட்டி மாதிரி. டயர் கடைக்காரர்தான் மாட்டிக் கொடுத்தார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ஊருக்கெல்லாம் வெளி சாமான் மாட்டாதீங்கன்னு சொல்றவகிட்ட எப்படிச் சொல்றது?"

அக்காவுக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. அதைத் தைரியமாக எடுத்துக்கொண்ட கணவர் ஒரு யோசனை சொன்னார். "கேனைக் கழட்டிட்டு, பழைய குழாயை மாட்டிக் கொண்டு போயிடலாம். மேசையில நீதானே உக்காந்திருக்கே?"

"நான் உக்காந்திருக்கறதாலதான் அது நடக்காது. கேனோடயே கொண்டு வாங்க."

மறுநாள் கார் வந்தது. எங்கள் மூத்த மெக்கானிக்கை மோப்ப அண்ணன் என்போம். ஒழுகுவது இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று மோந்தே சொல்லிவிடுவார். அக்கா அவரிடம் போய், "அண்ணே, கேனைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. எங்கேருந்து ஒழுகுது, ஏன் ஒழுகுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அது மேனேஜர் காதில் விழுந்தது. "ஏம்மா, சொந்த வண்டின்னா தனிச் சட்டமா?"

அக்காவின் முகம் சிவந்துபோனதை நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "சரியாக் கேட்டீங்க சார். அந்த பேக்கரி வேனையும் கூப்பிடறேன். ரெண்டுக்கும் ஒரே சோதனை. உங்களுக்குச் சம்மதமா?"

மேனேஜர் நல்ல மனுஷர். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் தலையை ஆட்டினார்.

போனில் பேக்கரிக்காரம்மா, "மறுபடியும் முடியாதுன்னு சொல்றதுக்கா கூப்பிடறே?" என்று கேட்டது எனக்கே கேட்டது. ஆனாலும் வந்தார்.

ரெண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மோப்ப அண்ணன் ரெண்டு இன்ஜினையும் கழுவித் துடைத்தார். ஆயிலில் ஒரு சாயத்தைக் கலந்தார். நீல விளக்கடியில் பார்த்தால், கசிகிற இடத்தில் அந்தச் சாயம் பச்சையாய் மின்னும். வண்டிகளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அக்காவின் வீட்டுக்காரரும் பேக்கரிக்காரம்மாவும் சம்பந்தி வீட்டார் போலப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"உங்களுதும் கேனா? என்ன நிறம்?"

"சிவப்பு. என் கேக் ட்ரேயைவிடப் பளபளன்னு இருக்கும்."

"அடடா, சிவப்பு கிடைக்கலீங்க எனக்கு!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

வண்டிகள் திரும்பி வந்தன. மோப்ப அண்ணன் விளக்கோடு முதலில் வேனுக்கு அடியில் போனார். இன்ஜினின் அடியில் ஆயில் தங்குகிற தட்டின் ஒரு மூலையில் பச்சைக் கோடு ஓடியது. தொழிற்சாலையில் பூசிய பசை அந்த மூலையில் சரியாகப் பிடிக்கவில்லை. கேனின் குழாய்களை ஊதிப் பார்த்தார். இன்ஜின் உள்ளே இருக்கிற அழுத்தத்தையும் அளந்தார். எல்லாம் சரியாக இருந்தன.

"கேன் மேல பழி இல்ல தங்கச்சி. இது கம்பெனி தப்பு."

அடுத்தது கார். அங்கே இன்ஜினின் முன்பக்கம் ஆயிலை அடைத்து வைக்கிற ரப்பர் சீல் வழியாக ஆயில் பிதுங்கியிருந்தது. அண்ணன் மெதுவாகக் கையை விட்டு, கேனுக்குப் பின்னால் போகிற குழாயைத் தடவினார். இடம் போதாமல் டயர் கடைக்காரர் மடக்கித் திணித்ததில் அது நசுங்கி ஒட்டிப்போயிருந்தது.

"மாப்ளே, மூக்கைப் பொத்தினா வாய் வழியாத்தானே மூச்சு வரும்? உங்க இன்ஜினுக்கு அதான் ஆச்சு. வெளிய போக வழியில்லாம, சீலைத் தள்ளிக்கிட்டு ஆயிலோட வந்துடுச்சு."

அக்கா மேசைக்குப் போனார். முதலில் பேக்கரிக்காரம்மாவை உட்கார வைத்தார். "உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாதும்மா. வண்டியை விட்டுட்டுப் போங்க, கம்பெனி செலவுல செஞ்சு தர்றோம்."

பிறகு கணவர் வந்து உட்கார்ந்தார். அக்கா கையைக் கட்டி, குரலை ஒரு படி இறக்கி, எல்லோரிடமும் பேசுகிற அதே மரியாதையோடு ஆரம்பித்தார்.

"சார், வணக்கம். உங்க வண்டியை நல்லாப் பாத்தோம். நீங்க மாட்டின சாமானாலதான் இந்தப் பழுதுன்னு உறுதியாயிடுச்சு. சீல் மாத்தற செலவு உங்களோடதுங்க. இன்ஜின்ல மத்த பாகத்துக்கெல்லாம் வாரண்டி அப்படியேதான் இருக்கு, கவலைப்படாதீங்க."

"ஏம்மா, நான் உன் புருஷன்."

"எல்லாரும் யாருக்காவது புருஷன்தான் சார்."

பேக்கரிக்காரம்மா சிரித்த சிரிப்பில் பட்டறையில் ஸ்பேனர் சத்தமே நின்றுபோனது. கணவரும் சிரித்துவிட்டார். எழுந்து வாசல்வரை போய், திரும்பி, "வரேன்மா" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் இடத்தில் சோதிக்காமல் யாரையும் அனுப்புவதில்லை. வேலை கூடிவிட்டது என்று மோப்ப அண்ணன் முணுமுணுக்கிறார். ஆனால் புது விளக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். சோதித்த பிறகும் பலருக்கு 'முடியாது'தான். எங்கே, எதனால் என்று காட்டிச் சொல்லிவிடுவதால் அக்கா இப்போது சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடுவதில்லை.

சீல் மாற்றி, பழைய குழாயைப் பொருத்தியதும் அக்காவும் கணவரும் காரில் மலைப்பக்கம் போனார்கள். வண்டி நிற்கிற இடமெல்லாம் மனுஷர் இறங்கிக் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாராம். ஒரு சொட்டு இல்லை. அந்த நல்ல சேதியைச் சொல்லலாம் என்று கதவைத் திறந்தால், அக்கா காலை நீட்டி, வாயைப் பிளந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாராம். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மீதி வழியைப் பாட்டுப் போடாமலே ஓட்டினாராம்.